பெட்டி கூறும் சான்று

கல்லிலும் செம்பிலும் வெட்டிய எழுத்தையே சாசனமென்று கொள்வது நம்மவர் வழக்கம். எனினும், மரப்பலகையின்மேல் மையினால் தீட்டிய எழுத்தும் ஒரு காலத்துச் செய்தியைப் பிற்காலத்தார்க்கு உரைக்குமாயின், அதனையும் சாசனமென்பதில் இழுக்கொன்றுமில்லை. பட்டாளத்தார் தோட்டாக்களை இட்டனுப்பிய பழைய பெட்டிகள் இத்தகையன. அவற்றின்மேலுள்ள குறிகளைக் கொண்டு, இது யாருடையது, எதனைத் தாங்கியது, யாரால் செய்யப்பட்டது, எவ்வாண்டினது என்று துணியும் முறையை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். போர்க்கருவியைப் புகழ்வது எம் கருத்தன்று. போரைப்பற்றிப் பொய் பேசுவோர் பலராதலின், பொய் பேசாத சாட்சி ஒன்றை வினவுவதே எம் கருத்து.

அவ்வாறு வினவுவதனால் வரும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் முதலில் விளக்குவாம். 1879-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 22-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா என்னும் மலையடியில், ஆங்கிலப் படையொன்றை ஜூலு மக்கள் வென்றனர். ஆங்கிலேயர் பக்கத்தில் 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். புத்தம்புதிய துப்பாக்கி ஏந்திய படை ஈட்டி ஏந்தியவர்க்குத் தோற்றது எங்ஙனம் என்னும் வினா எழுந்தபோது, ஒரு விடை நெடுநாள் வழங்கிற்று. தோட்டாப் பெட்டிகளைச் செம்புப் பட்டையிட்டுத் திருகாணிகளால் இறுக்கியிருந்தனர். அவற்றைக் கழற்றத் திருப்புளி போதவில்லை. ஆகவே தோட்டாவின்றிச் சிப்பாய்கள் மடிந்தனர் என்பதே அவ்விடை. கதை கேட்பதற்கு இயல்பாகவே இருக்கின்றது. ஆனால் அக்காலத்துப் பெட்டியை எடுத்து நோக்கின் உண்மை வேறு. அப்பெட்டி 600 தோட்டாக்களைப் பத்துப் பத்தாகக் காகிதப் பொட்டலங்களிற் கொண்டது. அதன் மூடியின் நடுவே, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் பலகையொன்று உண்டு. செம்புப் பட்டைகள் அப்பலகைக்கு இரு புறத்தும் செல்கின்றனவேயன்றி அதன்மேற் செல்லவில்லை. பலகையைப் பிடித்து நிற்பது ஒரே ஒரு திருகாணி. துப்பாக்கியின் அடிக்கட்டையால் ஓங்கி இடித்தால் அது தெறித்துவிடும். எனவே, பெட்டி திறவாமையால் படை மடிந்தது என்பது நிலைபெறாது. படையணி மிக அகன்று நின்றதும், ஏறத்தாழ இருபதினாயிரவரான ஜூலு வீரர் இரு பக்கமும் வளைந்து சூழ்ந்த திறமுமே காரணமென்பர் பிற்கால ஆராய்ச்சியாளர். தோற்றவர் தம் தோல்வியைத் திருகாணியின்மேல் ஏற்றினர். அதனால் வென்றவருடைய அறிவு மறைக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அவ்வழக்கில் சான்று கூறி நின்றது ஒரு மரப்பெட்டியேயாம்.

நிற்க. பெட்டியை எடுத்துக்கொண்ட மாணவன் முதலில் வினவத்தக்கது, உடையவர் யார் என்பது. பிரிட்டிஷ் அரசாங்கத்தாரின் உடைமைக்கு அடையாளம் மூன்று கோடுகள் ஒரு முனையிற் கூடும் அகன்ற அம்புக்குறி. பதினேழாம் நூற்றாண்டு முதலே இது அவர்தம் தளவாடங்களில் இடப்பட்டு வந்தது. ஆதலின் அம்புக்குறி தனியே நின்று காலத்தைக் காட்டாது. அதனை அடுத்து நிற்கும் எழுத்துக்களே காட்டும். அம்பின் இருமருங்கும் 'பி', 'ஓ' என்னும் ஆங்கில எழுத்துக்கள் இருப்பின், அது பழைய தளவாட மன்றத்தாருடையது. அம்மன்றம் 1855-இல் கலைக்கப்பட்டது. 'டபிள்யூ', 'டி' என்பன இருப்பின், அதற்குப் பின் எழுந்த யுத்த இலாகாவினுடையது. குடியேற்ற நாடுகளும் அம்புக்குறியைத் தத்தமக்கேற்ப மாற்றிக்கொண்டன. கனடாவின் அம்பு 'சி' என்னும் எழுத்தின் வயிற்றினுள் நிற்கும். தென்னாப்பிரிக்காவினது 'யூ' என்னும் எழுத்தினுள் நிற்கும். ஆஸ்திரேலியாவினது இரண்டு 'டி'க்களின் இடையே நிற்கும். இந்திய அரசாங்கத்தினது 'ஐ' என்னும் எழுத்தோடு கூடி வரும். இவ்வாறு ஒரே அம்பு தான் கூடிய எழுத்தினால் வேறு வேறு நாட்டைக் குறிக்கின்றது.

இரண்டாவது வினா, உள்ளே இருந்தது யாது என்பது. இவ்விடத்தில் பிரிட்டிஷ் படையார் அறுபதாண்டுகளுக்கு மேல் வழங்கிய .303 அங்குலத் தோட்டாவின் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் அங்குல அளவும், அதனையடுத்து 'மார்க்கு' என்னும் சொல்லும், ஒரு ரோம எண்ணும் காணப்படும். தோட்டாவின் அமைப்பில் மாறுதல் செய்யும்தோறும் இவ்வெண் ஒன்று கூடும். முதல் மார்க்கு 1889-இல் கரிமருந்தோடு வந்தது. பின்னர்க் கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்து கரிமருந்தின் இடத்தைப் பெற்றது. ஆறாம் மார்க்கு 1904-இலும், கூர்முனைக் குண்டையுடைய ஏழாம் மார்க்கு 1910-இலும், எட்டாம் மார்க்கு 1938-இலும் ஏற்கப்பட்டன. ஆகவே, ஏழாம் எண்ணுடைய பெட்டி 1910-க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. சோழ மன்னர் மெய்க்கீர்த்தியில் ஒரு வெற்றி கூறப்படின், அச்சாசனம் அவ்வெற்றிக்குப் பிற்பட்டதென்று துணிகின்றோம் அன்றோ? இதுவும் அம்முறையே. ஆனால் ஒன்று நினைவிற் கொள்க: மார்க்கு எண் மேல் எல்லையை மட்டுமே காட்டும். ஏழாம் மார்க்குத் தோட்டா 1910-க்குப் பின் பல பத்தாண்டுகள் செய்யப்பட்டு வந்தது. அதன் கீழ் எல்லையை வேறு குறிகளால் அறிய வேண்டும். அவற்றுள் எளியதொன்று எண்ணின் வடிவம். இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்தில் பிரிட்டிஷார் ரோம எண்ணை விடுத்து நாம் இன்று எழுதும் எண்ணை மேற்கொண்டனர். எனவே ஏழு என்பது ரோம எண்ணால் எழுதப்பட்டிருப்பின் அப்போர் முடிவதற்கு முற்பட்டதெனவும், 7 என்று எழுதப்பட்டிருப்பின் அக்காலத்தையோ அதற்குப் பிற்பட்ட காலத்தையோ சார்ந்ததெனவும் பெரும்பாலும் கொள்ளலாம்.

இம்மார்க்கு எண்களுள் மூன்று, நான்கு, ஐந்து என்பன தனியே கருதத்தக்கன. இந்திய எல்லைப் போர்களில், இரண்டாம் மார்க்குக் குண்டு மனிதனை ஊடுருவிச் சென்றும் அவனை வீழ்த்தவில்லை என்று படையார் குறை கூறினர். அதன்மேல், கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில், முனையின் உறையைக் குறைத்து ஈயத்தை வெளிப்படச் செய்த குண்டு ஆக்கப்பட்டது. உடலிற் பட்டவுடன் அது விரிந்து பெரும்புண் செய்யும். இங்கிலாந்தில் முனையிற் குழிவுடைய மூன்றாம், நான்காம், ஐந்தாம் மார்க்குகள் அதே நோக்கத்தோடு எழுந்தன. 1898-இல் சூடானில் நடந்த ஓம்துர்மான் போரில் நான்காம் மார்க்கு வழங்கிற்று. மறு ஆண்டே ஹேக் நகரிற் கூடிய நாடுகளின் மகாநாடு, மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளை விலக்கி ஓர் உடன்படிக்கை செய்தது. பிரிட்டன் முதலில் இணங்க மறுத்து, 1907-இல் அதனை ஏற்றது. குழிமுனைக் குண்டுகளோ அதற்கு முன்னரே போர்க்களத்தினின்றும் விலகின. ஆதலின், நான்காம் மார்க்கு என்று எழுதிய பெட்டிப்பலகை ஒன்று கிடைக்குமாயின், அது வெறும் ஆண்டுக் கணக்கை மட்டும் சொல்வதன்று. போரிலும் செய்யத்தகாதது ஒன்று உண்டு என்று உலகத்தார் மனச்சாட்சி பேசத் தொடங்கிய காலத்தையும் அது சுட்டுகின்றது. வங்காளத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் இன்றும் அக்கொடிய குண்டுக்குப் பெயராக வழங்குவது, அவ்வூரார் விரும்பிப் பெற்ற புகழன்று.

மூன்றாவது வினா, செய்தவர் யார் என்பது. பெட்டியிலும், உள்ளிருக்கும் தோட்டாவின் அடித்தட்டிலும் தொழிற்சாலையின் குறி உண்டு. 'ஆர்', 'எல்' என்னும் எழுத்துக்களின் இடையே அம்பு நிற்பின், அது லண்டனை அடுத்த ஊல்விச்சிலிருந்த அரசாங்கத் தொழிற்சாலை. 'ஆர்', 'ஜி' என்பன இங்கிலாந்தின் ராட்வே கிரீன் என்னுமிடத்தைக் குறிக்கும். 'கே', 'எப்' என்பன பூனாவை அடுத்த கிர்க்கீயைக் குறிக்கும். 1869-இல் நிறுவப்பட்ட இத்தொழிற்சாலை, கட்கி என்று இன்று வழங்கும் அவ்வூரில் நிற்கின்றது. இரு உலகப்போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு வேண்டிய தோட்டாக்களில் ஒரு பகுதி இந்நாட்டுத் தொழிலாளர் கையால் ஆனது என்பதற்கு இவ்விரண்டு எழுத்துக்களே போதிய சான்று.

நான்காவது வினா, ஆண்டு யாது என்பது. .303 தோட்டாவின் அடித்தட்டில் முற்காலத்தில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற்றான் அவ்வழக்கம் தோன்றிற்று. பின்னர் ஆண்டின் இறுதி இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டன. இம்முறையை மிக ஒழுங்காகக் கைக்கொண்டோர் சோவியத்து ருஷியர். அவர்தம் 7.62 மில்லிமீட்டர் நீள்துப்பாக்கித் தோட்டாப் பெட்டியில், அடைத்து மூடிய தகரப் பேழைகள் இரண்டு இருக்கும். பேழை ஒன்றுக்கு 440 ஆகப் பெட்டிக்கு 880 தோட்டாக்கள். பெட்டியின் பக்கத்திலும் பேழையின்மேலும் ஒரே வகையாக எழுத்துக்கள் தீட்டப்பட்டிருக்கும். அவற்றுள் ஒரு வரி மூன்று உறுப்புடையது: முதலில் தொகுதியின் குறி, நடுவில் ஆண்டு, ஈற்றில் தொழிற்சாலையின் எண். நடுவில் 81 எனவும் ஈற்றில் 188 எனவும் இருப்பின், 1981-ஆம் ஆண்டில் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் ஆனதென்று படிக்கவேண்டும். ஈற்றெண் 17 ஆயின் பர்னாவுல். 60 ஆயின், அந்நாளில் புரூன்சே என்றும் இந்நாளில் பிஷ்கெக் என்றும் வழங்கும் கிர்கிசிய நாட்டுத் தலைநகர். அடுத்த வரியில் மருந்தின் வகையும், மருந்துத் தொகுதியின் எண்ணும், அம்மருந்து ஆன ஆண்டும் வரும். மருந்தை முன்னரே செய்து வைத்துத் தோட்டாவைப் பின்னர் ஆக்குவராதலின், இவ்விரண்டு ஆண்டுகளும் ஒன்றாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பெட்டியிலுள்ள வண்ணக் கோடுகளும் பொருளுடையன. பச்சை, சென்ற வழியை ஒளியால் காட்டும் குண்டு. மஞ்சள், கனத்த குண்டு. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தது, கவசத்தைத் துளைத்துத் தீயும் மூட்டும் குண்டு.

இவ்வொழுங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 1952 முதல் 1956 வரை ருஷியர் தோட்டாவின் அடித்தட்டில் ஆண்டை எண்ணாற் பொறியாது ருஷிய எழுத்தாற் பொறித்தனர். ஆண்டுக்கு ஓர் எழுத்தாக ஐந்து எழுத்துக்கள் அவ்வைந்தாண்டுகளைக் குறித்து நின்றன. இதனை அறியாதவன் அவ்வெழுத்தைத் தொழிற்சாலையின் பெயரென்று மயங்குவான்.

இனி, இத்துறையில் மாணவன் வழுக்கி விழும் இடங்களைக் கூறுவாம். முதலாவது, பெட்டியின் வயதும் உள்ளீட்டின் வயதும் ஒன்றென்று கருதுவது. நல்ல பெட்டியை எவரும் ஒரு முறையோடு எறிந்துவிடுவதில்லை. வெறும் பெட்டிகள் திரும்பச் சென்று, பழைய எழுத்தின்மேல் வண்ணம் பூசப்பெற்று, புதிய எழுத்தோடு மீண்டும் வரும். ஆகவே பெட்டி செய்த ஆண்டு, தோட்டா ஆன ஆண்டு, பெட்டியில் இட்ட ஆண்டு என மூன்று ஆண்டுகளைப் பிரித்தறிதல் வேண்டும். மரத்தில் சூட்டுக்கோலாற் சுட்ட எழுத்தும், உலோகப் பூட்டிற் பொறித்த எழுத்தும் பெட்டியின் வயதைச் சொல்வன. மையினால் தீட்டிய எழுத்து உள்ளீட்டைச் சொல்வது. இடிந்த கோயிலின் எழுத்துக் கற்களை எடுத்துப் புதுச் சுவர் கட்டியவிடத்து, கல்லின் காலமும் சுவரின் காலமும் வேறாவது போன்றதே இது.

இரண்டாவது, பின்னர் ஒட்டிய சீட்டைப் பெட்டியோடு பிறந்ததென்று கொள்வது. அபாயப் பொருள்களை ஓரிடத்தினின்றும் ஓரிடத்திற்குக் கொண்டுசெல்வது குறித்து ஐக்கிய நாடுகளின் குழு முதன்முதல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது 1956-இல். அவ்வழியில் வந்த செம்மஞ்சள் நிறச் சாய்சதுரச் சீட்டும் நான்கு இலக்க எண்ணும் இரண்டாம் உலகப்போரின்போது இருந்திருக்க இயலாது. சிறு துப்பாக்கித் தோட்டாவுக்குரிய 0012 என்னும் எண்ணை ஒரு பெட்டியிற் காண்போமாயின், பெட்டி பழையதாயினும் அதன் கடைசிப் பயணம் பிற்காலத்தது என்று அறிகின்றோம்.

மூன்றாவது, போலியை நம்புவது. பழம்பெட்டிகளை வீட்டு அலங்காரமாக வாங்குவோர் பெருகியதனால், புதுப்பலகையில் பழைய எழுத்தைத் தீட்டி விற்போரும் பெருகினர். எழுத்து மட்டும் தேய்ந்து பலகை தேயாதிருப்பினும், ஆணி புதிதாயிருப்பினும், மார்க்கு எண்ணுக்கும் ஆண்டுக்கும் பொருத்தமில்லாதிருப்பினும் ஐயுறுதல் வேண்டும். ஒரு குறியைக் கொண்டு முடிவு செய்யற்க. உடையவர், உள்ளீடு, செய்தவர், ஆண்டு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று முரணாது நிற்கும்போதே முடிவு செய்க.

நான்காவது, எல்லாவற்றினும் கொடியது: மூடிய பெட்டியை ஆவலால் திறப்பது. ஆண்டு பலவாயிற்று, மருந்து செத்திருக்கும் என்று எண்ணுவது பெரும்பிழை. உலர்ந்து கிடக்கும் கரிமருந்து நூறாண்டாயினும் தீப்பற்றும். வேறு சில மருந்துகள் நாட்பட நாட்படக் கெட்டு, முன்னினும் அபாயமாகும். மூடிய பெட்டியொன்றைக் கண்டால் தொடாது விலகி நின்று, போலீசாருக்கு அறிவிப்பதே கற்றவன் செயல். எழுத்தைப் படிக்கக் கண் போதும்; கை வேண்டுவதில்லை.

இவ்வளவும் பழம்பொருள் விரும்புவோரின் பொழுதுபோக்கு என்று ஒருவர் கூறலாம். அன்று. துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, தோட்டாவுக்கு அவ்வாறில்லை. பல்லாயிரம் தோட்டாக்களுக்கு ஒரே தொகுதிக் குறி. 2005-இல் ஐக்கிய நாடுகள் சபை சிறு ஆயுதங்களின் வழியைத் தேடி அறிவதற்கு ஏற்படுத்திய விதிமுறையிலும் தோட்டா சேர்க்கப்படவில்லை. இந்நிலையில், யார் செய்து யாருக்கு விற்றது என்னும் உண்மையைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பெட்டியின் பக்கத்திலுள்ள எழுத்தே. 2014 முதல் 2017 வரை ஈராக்கிலும் சிரியாவிலும், கான்பிளிக்ட் ஆர்மமெண்ட் ரிசர்ச் என்னும் ஆராய்ச்சிக் கழகத்தார், ஐசிஸ் என்னும் கொடுங்கூட்டத்தாரிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்களும் தோட்டாக்களுமாக 40,000-க்கு மேற்பட்ட பொருள்களின் குறிகளை ஒவ்வொன்றாகப் படித்தனர். தொகுதி எண்களைச் செய்தவர்க்கு எழுதி வினவியபோது, அவற்றுட் பல கிழக்கு ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் ஆனவை என்றும், வேறு அரசாங்கங்கள் முறைப்படி விலைக்கு வாங்கியவை என்றும், வாங்கியோர் பிறர்க்குக் கொடோம் என்று தந்த உறுதியைக் கடந்து அவை கைமாறின என்றும் தெரியவந்தது. டாங்கியைத் தகர்க்கும் எறிகணை ஒன்று, தொழிற்சாலையை விட்டு ஏறத்தாழ இரண்டே திங்களில் ஈராக்கின் ரமாதி நகரிற் பகைவர் கையில் இருந்தது. அறியோம் என்று சொல்லும் அதிகாரிகளின் வாயை, ஓர் எண்ணும் ஓர் ஆண்டும் அடைத்தன. இசாண்டில்வானாவில் ஒரு பழங்கதையைத் திருத்திய கலையே ஈண்டு வாழ்வோரின் பொய்யைத் திருத்திற்று.

இறுதியாக ஒன்று கூறி முடிப்பாம். இத்தகைய பெட்டிகளின் குறிகளைப் படங்களிற் பார்த்துப் படித்துவந்தபோது எமக்கு வியப்பளித்தது, அவற்றின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதே. உடையவர் பெயர் உண்டு. செய்த ஆலை உண்டு. மருந்து ஆன ஆண்டு உண்டு. எத்தனை தோட்டா என்பதும் ஒன்று குறையாது உண்டு. எவர் உடலில் அவை தைக்கும் என்பது மட்டும் எழுதப்படவில்லை. அக்கணக்கு வேறொரு புத்தகத்தில் இருக்கின்றது என்று நம்புவோர் நாம். போர் ஓய்ந்தபின் அப்பெட்டிகளிற் பல, தச்சன் கையில் மேசையாகவும் புத்தக அலமாரியாகவும் ஆயின. வாளெல்லாம் கலப்பைக்கொழுவாகும் என்று ஏசாயா தீர்க்கதரிசி கண்ட நாள் இன்னும் வரவில்லையாயினும், அதற்கு அறிகுறியாக ஒரு பலகையேனும் அவ்வழியே திரும்பியது கண்டு மகிழலாம். அவ்வாறு திரும்பிய பலகையின் எழுத்தையும் இழைப்புளியால் முற்றும் அழித்துவிடாது ஒரு மூலையிலேனும் விட்டுவைத்தல் நலம். படிக்கத் தெரிந்தவர் பின்னொரு நாள் வருவர்.